மூளைநீர்க் குழாயிற் குடிபுகும் கிருமிகள்

மருத்துவக் கலை வளர வளர, அதனோடு ஒட்டிப் பிறக்கும் இடர்களும் புதியனவாக வளர்ந்து வருதல் இயல்பேயாம். உடலிற் குறைந்ததொன்றை ஈடுசெய்யும்பொருட்டு மருத்துவர் உள்ளே அமைக்கும் கருவி, பல்லாயிரவரின் உயிரைக் காத்து நிற்கும். அதே கருவி சில வேளைகளிற் கிருமிகளுக்கு உறைவிடமாகிப் புதியதொரு நோய்க்கு வித்திடுதலும் உண்டு. மூளையில் நீர் தேங்கிய குழந்தைகளுக்கு வைக்கப்பெறும் வடிகுழாய் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். அக்குழாயிற் கிருமி ஏறிவிட்டால் யாது செய்தல் வேண்டும், ஏன் அவ்வாறு செய்தல் வேண்டும் என்பவற்றை நமது கல்லூரி மலரின் வாசகர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இது மருத்துவர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. இத்தகைய குழாயைத் தாங்கிய பிள்ளை நம் வீட்டிலோ, நம் வகுப்பறையிலோ இருத்தல் கூடும். அப்பிள்ளையின் உயிர், சிற்சில வேளைகளில், அருகிலிருப்போர் ஒரு நாள் முந்துவதையோ ஒரு நாள் பிந்துவதையோ பொறுத்து நிற்கும்.

நீரும் அதன் வழியும்

மூளையின் உட்புறத்தே ஒன்றோடொன்று தொடர்புற்ற நான்கு அறைகள் உள. அவ்வறைகளில் உள்ள குருதி நுண்குழாய்ப் பின்னல்கள் தெளிந்த நீர் போன்ற ஒரு பாய்பொருளை இடையறாது சுரந்தவண்ணம் இருக்கின்றன. பாடநூல்கள் இதனை மூளைய முண்ணாண் பாய்பொருள் என வழங்கும். ஈண்டு நாம் சுருக்கமாக மூளைநீர் என்போம். வளர்ந்த ஒருவரின் உடலில் எந்த நேரத்திலும் ஏறக்குறைய 150 மில்லிலீற்றர் மூளைநீர் உண்டு. ஆனால் ஒரு நாளிற் சுரப்பதோ ஏறக்குறைய 500 மில்லிலீற்றர். எனவே இந்நீர் நாளொன்றுக்கு மும்முறைக்கு மேற் புதுக்கப்படுகிறது என்பது பெறப்படும். அறைகளினூடே இறங்கி, மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்து ஓடி, ஈற்றில் அது குருதியிற் கலந்து மறைகின்றது.

ஒரு குளத்துக்கு வரும் நீரும், மதகு வழியே வெளியேறும் நீரும் ஒத்திருக்கும் வரை கட்டுக்கு ஊறில்லை. மதகு அடைபட்டால் நீர்மட்டம் ஏறும், கட்டு நெகிழும். மூளையறைகளின் நிலையும் அதுவே. நீர் செல்லும் ஒடுங்கிய வழி பிறப்பிலேயே அடைபட்டிருக்கலாம்; குறைமாதக் குழந்தைக்கு மூளையிற் குருதி கசிந்தமையாலோ, மூளைய மென்சவ்வு அழற்சியாலோ, கட்டியாலோ பின்னர் அடைபடலாம். முள்ளந்தண்டு மூடாது பிறக்கும் குழந்தைகள் பலர்க்கும் இந்நோய் உடன் வருகிறது. நீரையும் தலையையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து மேனாட்டார் இதற்குப் பெயரிட்டனர். தமிழில் நீர்த்தலை நோய் எனல் பொருந்தும். கைக்குழந்தையின் மண்டையோட்டு மூட்டுக்கள் இன்னும் இறுகாமையின் தலை பருக்கும். மூட்டுக்கள் இறுகிய பிள்ளைக்கோ தலை பருக்க வழியில்லை. தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், மயக்கம் என அமுக்கம் உள்முகமாகவே தன் கொடுமையைக் காட்டும்.

வடிகுழாயின் வரலாறு

இந்நோய்க்கு மருந்தால் நிலைத்த தீர்வு கிடைப்பது அரிது. ஆதலின் தேங்கும் நீரை வேறு வழியில் இறக்கிவிடுதலே மருத்துவர் கண்ட முறை. ஆயினும் திறந்த குழாயொன்றை வைத்தால் நீர் அளவின்றி வடிந்துவிடும். எதிர்வழியே குருதி ஏறி உறைந்து அடைத்தலும் நேரும். ஒரு திசையில் மட்டும், குறித்த அமுக்கத்துக்கு மேல் மட்டும் நீரை விடும் வால்வு ஒன்று தேவைப்பட்டது. ஈழத்தின் பண்டைய குளங்களில், நீரின் வேகத்தையும் அமுக்கத்தையும் அடக்கி வெளிவிடும்பொருட்டுக் கட்டப்பெற்ற பிசோக்கொட்டுவ என்னும் மதகுக் கிணற்றைக் கண்டவர்க்கு இத்தேவை எளிதில் விளங்கும்.

அமெரிக்காவிற் பிராங் நல்சன், யூஜின் ஸ்பிற்ஸ் என்னும் மருத்துவர் இருவர் 1949இல் வால்வு பொருந்திய குழாயை முதன்முதல் வைத்தனர். அதனைப் பலர்க்கும் பயன்படச் செய்தவர் மருத்துவர் அல்லர். ஜோன் ஹோல்ற்றர் என்னும் இயந்திரத் தொழில் வல்லுநர். முள்ளந்தண்டு மூடாது நீர்த்தலை நோயுடன் பிறந்த தம் மைந்தனின் துயர் பொறாது, சிலிக்கோன் கொண்டு அவர் அமைத்த வால்வு 1956இல் மருத்துவ வழக்கிற்கு வந்தது. அதன் பின்னர், ஆங்கில எழுத்தாளர் ரோல்ட் டால் என்பாரின் ஆண்குழந்தை 1960இல் நியூயோர்க் நகரத் தெருவில் வாடகைக் கார் மோதித் தலையில் அடிபட்டது. வைத்த வால்வு அடிக்கடி அடைபடக் கண்ட தந்தையார், நீரியற் கருவிகளில் வல்லவரான ஸ்ரான்லி வேட், மருத்துவர் கெனத் ரில் ஆகியோருடன் கூடி 1962இற் புதியதொரு வால்வை ஆக்கினார். அது முடிவுறும் வேளையில் அவர்தம் பிள்ளைக்கு அது வேண்டாதாயிற்று. ஆனால் வேறு நாடுகளின் பிள்ளைகள் பல்லாயிரவர்க்குப் பயன்பட்டது. இருவர் தந்தைமையின் தவிப்பு, உலகத்துக் குழந்தைகளின் பொதுச் செல்வமாயிற்று எனலாம்.

நம் அண்டை நாட்டில், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் ஜேக்கப் சாண்டியும், சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் 1950இற் பி. இராமமூர்த்தியும் மூளைச் சத்திரசிகிச்சைத் துறைகளைத் தொடங்கினர். இலங்கையில் இத்துறைக்கு வித்திட்டவர், 1950களிற் கொழும்பிற் பணியாற்றிய செல்ற்றன் கப்ரால்.

முற்காலத்தில் மூளைநீர் பெரும்பாலும் இதயத்தினுள் இறக்கப்பட்டது. இன்று தலையினின்று கழுத்து, மார்பு ஆகியவற்றின் தோலடியே குழாயைச் செலுத்தி வயிற்றறையில் முடிப்பதே பெருவழக்கு. அங்கே நீர் உறிஞ்சப்பட்டு மறைந்துவிடும். பிள்ளை வளருங்கால் நீளுவதற்கென வயிற்றினுட் சிறிது குழாய் மிகையாகவும் விடப்படும். மருத்துவர் வழக்கில் இதன் பெயர் ‘ஷண்ட்’.

கிருமி புகும் வகை

இக்குழாய்க்கு நேரும் இடர்களுள் முதன்மையானது அடைப்பு, அடுத்தது கிருமித்தொற்று. நல்ல வைத்தியசாலைகளிலும் நூறு சத்திரசிகிச்சைகளுள் 5 முதல் 10 வரை தொற்றுக்கு உள்ளாதல் பலகாலும் காணப்பட்டதொன்று. குறைமாதக் குழந்தைகட்கும், முன்னரே ஒரு முறை தொற்றுக்கு ஆளானவர்க்கும் இடர் மிகுதி.

இக்கிருமிகள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் நோயாளியின் தோலிலிருந்தே வருகின்றன. தோலில் வாழும் ஸ்ரபிலோகொக்கஸ் எப்பிடேர்மிடிஸ் முதலிய பற்றீரியாக்கள் நம் அனைவர் உடலிலும் குடியிருப்பன. வெளியே இருக்கும் வரை தீங்கற்றன. சத்திரசிகிச்சை நடைபெறும் குறுகிய நேரத்தில் அவற்றுட் சில குழாயில் ஒட்டிக்கொள்கின்றன. ஆதலினாற்றான் பெரும்பாலான தொற்றுக்கள் குழாய் வைத்த முதல் ஆறு மாதங்களுள் வெளிப்படுகின்றன. சீழ் உண்டாக்கும் ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ் அடுத்த இடத்தைப் பெறும். குடலில் வாழும் கிருமிகளும் சிலர்க்குக் காரணமாகும். குழாயின் வயிற்று முனை குடலைத் துளைத்தல் அரிதாக நிகழும் இடர்களுள் ஒன்று. குழாயின் மேலுள்ள மெல்லிய தோல் புண்பட்டுக் குழாய் வெளித் தெரிந்தாலும் கிருமி உட்செல்லும்.

ஈண்டு ஒரு வினா எழும். உடலிற் புகும் கிருமியை வெண்குருதிக் கலங்களும் மருந்தும் அழிக்கின்றனவே. குழாயில் ஒட்டிய கிருமி மட்டும் ஏன் அழிவதில்லை? இதற்கான விடைக்கு வழி காட்டியவர் இங்கிலாந்து ஆய்வாளர் ரொஜர் பேய்ஸ்ரன். ஹோல்ற்றர் குழாய்களைப் பற்றிய கிருமிகள், பசை போன்றதொரு வழுவழுப்பான பொருளை மிகுதியாகச் சுரப்பதை அவரும் அவர்தம் துணை ஆய்வாளரும் 1972இல் எடுத்துக்காட்டினர். இன்று உயிர்ப்படலம் என வழங்கப்பெறுவது இதுவே. பாசி படிந்த கற்படி எத்துணை கழுவினும் மீண்டும் வழுக்குவதை நாம் அறிவோம். அவ்வாறே குழாயின் சுவரிற் படர்ந்த இப்படலத்துள் கிருமிகள் அடுக்கடுக்காகப் பதுங்கி வாழ்கின்றன. வெண்குருதிக் கலங்கள் அதனை எளிதில் ஊடுருவுவதில்லை. மேலும், படலத்தின் அடியிலுள்ள கிருமிகள் பெருக்கத்தை மந்தமாக்கி ஏறக்குறைய உறங்கும் நிலையில் இருக்கின்றன. நுண்ணுயிர்க்கொல்லிகளுட் பல, பெருகுகின்ற கிருமியையே கொல்ல வல்லன. உறங்குங் கிருமியை அவை தொடுவதில்லை. நீரில் மிதக்கும் கிருமியைக் கொல்லும் அளவினும் பன்மடங்கு மருந்து கொடுத்தாலும், படலத்துட் கிடப்பது பிழைத்துவிடுகின்றது.

இவ்வுண்மையை மனத்திற் கொள்ளுதல் இன்றியமையாதது. சிகிச்சை முறை முழுவதும் இதனை அடிப்படையாகக் கொண்டே எழுந்தது.

அறிகுறிகளும் சோதனையும்

தொற்றுற்ற பிள்ளைக்குக் காய்ச்சல், தலைவலி, வாந்தி, சிடுசிடுப்பு, சோம்பல், உறக்க மிகுதி ஆகியன தோன்றும். குழாய் செல்லும் வழியிற் சிவப்போ வீக்கமோ காணப்படலாம். தையலினின்று நீரோ சீழோ கசியலாம். வயிற்றிற் சேரும் நீர் உறிஞ்சப்படாது பை போல் ஓரிடத்திற் கட்டி, வயிற்று வலியும் வீக்கமும் உண்டாதலும் உண்டு. இதயத்தினுட் குழாய் வைக்கப்பெற்றோர்க்குக் குருதியிற் கிருமி மெல்லப் பரவிச் சிறுநீரகம் பழுதுறும் தனி நோயொன்று 1960களிற் கண்டறியப்பட்டது. குழாயை வயிற்றுக்கு மாற்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆயினும் இந்நோயின் வஞ்சகம் அதன் அமைதியிலேயே உள்ளது. தோற்கிருமிகள் வீரியம் குறைந்தன. ஆதலாற் காய்ச்சல் சிறிதாக வந்து தானே மறையலாம். சிலர்க்குக் காய்ச்சலே இராது. கழுத்து விறைப்பும் பலர்க்குத் தோன்றுவதில்லை. குழாய் அடைபட்டமை மட்டுமே முதற்குறியாக நிற்றலும் கூடும். ஆகவே, காய்ச்சல் இல்லை, எனவே தொற்றும் இல்லை என முடிவு செய்தல் பெருந்தவறாகும்.

ஐயத்தைத் தெளிவிப்பது மூளைநீரே. தலைத்தோலின் கீழுள்ள வால்வின் சிறு தேக்கத்தில் நுண்ணிய ஊசியைத் தூய முறையிற் செலுத்திச் சிறிது நீரை எடுப்பர். அதில் வெண்கலங்களின் தொகை, குளுக்கோசு, புரதம் ஆகியவற்றை அளந்து, கிருமியை வளர்த்தும் பார்ப்பர். நோயாளியின் நிலை இடந்தருமாயின், நுண்ணுயிர்க்கொல்லி தொடங்குமுன் இந்நீர் எடுக்கப்படல் வேண்டும். மருந்து முந்திச் சென்றால் கிருமி சோதனைத்தட்டில் வளராது; ஆனால் குழாயிற் பதுங்கியிருக்கும். குழாய் உள்ள பிள்ளைக்குக் காரணந் தெரியாத காய்ச்சல் வரும்பொழுது, வீட்டில் எஞ்சிய நுண்ணுயிர்க்கொல்லியை இரண்டொரு வேளை கொடுத்துப் பார்க்கும் வழக்கம் ஏன் தீயது என்பது இதனாற் புலனாகும். சிற்சில கிருமிகள் மிக மெல்ல வளர்வன. அதனால் இரண்டு நாளிற் கிருமி இல்லை எனக் கண்டாலும் 10 முதல் 14 நாள் வரை சோதனைத்தட்டை வைத்துப் பார்த்தல் விரும்பத்தக்கது.

தீர்க்கும் முறை

குழாயை உள்ளேயே வைத்து மருந்தால் மட்டும் குணப்படுத்த முடியாதா? பெற்றோர் கேட்கும் முதற் கேள்வி இதுவே. மருத்துவரும் இதே கேள்வியைப் பலகாலம் கேட்டனர். 1980இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு அதற்கு விடையளித்தது. தொற்றுற்ற நோயாளர் முப்பதின்மரைப் பத்துப் பத்துப் பேராக மூன்று பிரிவாகப் பிரித்தனர். குழாயை அகற்றி, வெளிவடிகால் வைத்து, மருந்தளித்த பிரிவிற் பதின்மரும் குணமுற்றனர். அகற்றிய உடனே புதுக் குழாய் வைத்த பிரிவில் ஒன்பதின்மர் குணமுற்றனர். குழாயை அகற்றாது மருந்து மட்டும் பெற்ற பிரிவிற் குணமுற்றோர் மூவரே. ஆய்வு சிறிதாயினும் பின்வந்த பட்டறிவு அதனையே வலியுறுத்திற்று. மருந்து மட்டும் பெற்றவர்க்குக் காய்ச்சல் தணியும்; முகம் தெளியும்; பெற்றோர் மகிழ்வர். மருந்து நின்ற சில நாளிற் படலத்துள் உறங்கிய கிருமி விழித்தெழ, நோய் மீளும்.

எனவே இன்று பெரிதும் ஒப்புக்கொள்ளப்பட்ட முறை மூன்று படிகளை உடையது.

முதற்படி, தொற்றுற்ற குழாயை முற்றாக அகற்றுதல். ஒரு துண்டை விட்டுவைத்தாலும் அது கிருமிக்கு வித்தாகும். மூளைநீர் தேங்காதிருக்கும்பொருட்டு, மூளையறையினின்று மெல்லிய குழாயொன்று வெளியே கொணரப்பட்டு, அளவுகோல் பொருந்திய பையிலே நீர் வடியவிடப்படும். இதுவே வெளிவடிகால். பையின் உயரம் நோயாளியின் காதின் மட்டத்தை அடிப்படையாகக் கொண்டு குறிக்கப்படுவது. பை தாழ்ந்தால் நீர் மிகையாக வடியும், உயர்ந்தால் தேங்கும். ஆகலின் அருகிலிருப்போர் தாதியைக் கேளாது படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்துதலும் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்தலும் ஆகா. அவ்வடிகாலும் புறத்தொடர்புடையதாகலின், அதன்வழியே புதிய கிருமி ஏறாதிருக்கத் தூய்மை பேணப்படல் வேண்டும்.

இரண்டாம்படி, கிருமிக்கேற்ற மருந்து. குருதிக்கும் மூளைக்கும் இடையே இயற்கை அமைத்த தடுப்பு ஒன்றுண்டு; எல்லா மருந்தும் அதனைக் கடவா. கிருமி இன்னதெனத் தெரியுமுன் வன்கோமைசினும், அதனுடன் மெரோபெனம் போன்றதொரு மருந்தும் நாளத்தின் வழியே தொடங்கப்படும். சோதனை முடிவு வந்ததும் அக்கிருமிக்கு உரிய மருந்தாக அது ஒடுக்கப்படும். இதனாற் போதிய பயன் இல்லாதவிடத்து, வெளிவடிகாலின் வழியே சில மில்லிகிராம் மருந்தை நேரே மூளையறையினுட் செலுத்தி, அது தங்கும்பொருட்டு வடிகாலைச் சிறிது நேரம் மூடிவைப்பர். தோற்கிருமியாயின் 10 நாளளவும், வீரியமுடைய கிருமியாயின் 10 முதல் 14 நாளும், சிலர்க்கு 21 நாள் வரையும் மருந்து தொடரும்.

மூன்றாம்படி, தூய்மை உறுதியான பின் புதிய குழாய் வைத்தல். இதற்குரிய காலத்தை அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டி வகுத்துள்ளது. வீரியமற்ற தோற்கிருமியாகி, மூளைநீரும் மாறுபடாதிருந்து, குழாய் அகற்றிய 48 மணிநேரத்திற் கிருமி இன்மை காணப்பட்டால், மூன்றாம் நாளிலேயே புதுக் குழாய் வைக்கலாம். மூளைநீர் மாறுபட்டிருந்தால் ஏழு நாள் மருந்துக்குப் பின்னர் வைக்கலாம். ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியசோ குடற்கிருமியோ ஆயின், கிருமி இன்மை கண்டபின் பத்து நாள் பொறுத்தல் வேண்டும். சில பிள்ளைகளுக்கு இவ்விடைவேளையில், உள்நோக்கிக் கருவி கொண்டு மூன்றாம் மூளையறையின் அடியில் ஒரு துளையிட்டு நீருக்கு இயற்கை வழி திறந்துவிடுதலும் கூடும். அது பயன்தந்தால் மறுபடி குழாயே வேண்டாதாகும்.

இரண்டு அல்லது மூன்று வாரம் வைத்தியசாலையில் தங்குதலும், ஒரே பிள்ளையை இரு முறை சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு அனுப்புதலும் பெற்றோர்க்குப் பெருஞ்சுமை என்பதில் ஐயமில்லை. வைத்ததை ஏன் எடுக்கிறார்கள், மருத்துவர் தவறிழைத்தாரோ என்னும் ஐயமும் எழும். இரண்டாம் சத்திரசிகிச்சை தோல்வியின் அடையாளமன்று. நோயை வேரோடு களையும் வழி அதுவேயாம். இதனை உணராது இணக்கம் தர நாள் கடத்தினால் மூளையே பழுதுறும். திரும்பத்திரும்ப நேரும் தொற்று, பிள்ளையின் கற்கும் ஆற்றலையும் குறைத்துவிடும்.

வேலூர் தந்த பாடம்

இதுகாறும் கூறியது குழாய் வைத்தபின் வரும் தொற்று. நம் நாடுகளிலோ தொற்று முந்தி வந்து, அதன் விளைவாகக் குழாய் தேவைப்படுதலும் மிகுதி. காசநோய்க் கிருமி மூளைய மென்சவ்வைத் தாக்குங்கால், அடித்தளத்திற் படியும் கெட்டியான கசிவு நீர்வழியை அடைத்துவிடுகின்றது. கிருமி உள்ள மூளையிற் குழாய் வைக்கலாமோ என்னும் வினாவுக்கு வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் தம் பட்டறிவால் விடை கண்டனர். 1975 முதல் 1986 வரை அங்கே குழாய் வைக்கப்பெற்ற 114 நோயாளரை நெடுங்காலம் தொடர்ந்து ஆராய்ந்து, 1991இல் முடிவை வெளியிட்டனர். நோயாளரை அவர்தம் நிலைக்கேற்ப நான்கு தரங்களாக வகுத்தனர். அறிவு தெளிந்து, நரம்புக் குறை எதுவுமின்றி வந்த முதல் தரத்தோருள் இறந்தோர் நூற்றுக்கு 20. ஆழ்ந்த மயக்கத்தில் வந்த நான்காம் தரத்தோருட் பிழைத்தவர் ஒருவருமிலர். காலம் தாழ்த்தாது குழாய் வைத்தலே நன்று என்பது அவர்கள் கண்ட முடிவு. அவர்தம் தரவகுப்பு இன்றும் வேலூர்த் தரவகுப்பு என உலக மருத்துவ இதழ்களில் வழங்கி வருகின்றது.

காசநோய்க் கிருமி ஏனைய கிருமிகளைப் போன்று குழாயைத் தன் உறைவிடமாக்கிக் கொள்வது அரிது. ஆதலால் அங்கே குழாயை வைத்துக்கொண்டே காசநோய் மருந்தை மாதக்கணக்கில் தொடர்வர். ஒரே குழாய், ஆனால் கிருமிக்கேற்ப முறை மாறுபடுவதைக் காண்க.

வருமுன் காத்தல்

தொற்று நேர்ந்தபின் தீர்ப்பதினும் நேராது காத்தல் எளிது. பிரான்சு நாட்டின் மார்செய் நகர மருத்துவர், குழாய்ச் சத்திரசிகிச்சையை அன்றைய நாளின் முதற் சிகிச்சையாகச் செய்தல், கூடத்தில் ஆட்களைக் குறைத்தல், குழாயைக் கையாலே தொடுவதைத் தவிர்த்தல் முதலிய ஒழுங்குகளாலே தொற்றை நூற்றுக்கு ஒன்றினும் குறைவாக்கியதை 1992இல் அறிவித்தனர். வட அமெரிக்காவின் நான்கு குழந்தை வைத்தியசாலைகள் கூடி, பதினொரு படிகளைக் கொண்ட ஒழுங்கைக் கைக்கொண்டு, தொற்றை நூற்றுக்கு 8.8இலிருந்து 5.7ஆகக் குறைத்தமை 2011இல் வெளிவந்தது. கைகழுவுதலும், இரட்டைக் கையுறை அணிதலும், தோலைத் தூய்மை செய்தலுமே இவ்வொழுங்கின் பெரும்பகுதி என்பது கருதத்தக்கது.

குழாயையே மருந்தில் ஊறவைக்கும் முறையும் உண்டு. கிளின்டமைசின், றிபாம்பிசின் ஆகிய இரு மருந்துகள் சிலிக்கோனில் ஏற்றப்பட்டு மெல்லக் கசியும். முன்னர்க் கூறிய பேய்ஸ்ரனே இதற்கும் வழிகாட்டியவர். பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் 1605 நோயாளரிடம் நடத்தப்பட்ட சோதனையின் முடிவு 2019இல் வெளிவந்தது. சாதாரணக் குழாயில் நூற்றுக்கு 6, வெள்ளி பூசிய குழாயில் 6, மருந்தூறிய குழாயில் 2 எனத் தொற்று அமைந்தது. வெள்ளியாற் பயனில்லை, மருந்தூறிய குழாயாற் பயனுண்டு என்பது தெளிவாயிற்று.

விலையுயர்ந்ததே சிறந்தது எனக் கருதவும் வேண்டாம். இந்தியாவில், லக்னோவைச் சேர்ந்த மருத்துவர் சாப்ரா அமைத்த எளிய வால்வையும், மேனாட்டு வால்வு ஒன்றையும் உகண்டாவில் 195 குழந்தைகளிடம் ஒப்பிட்டு, ஓராண்டின் முடிவில் இரண்டற்கும் வேறுபாடு இல்லை என பெஞ்சமின் வோர்வ் என்னும் மருத்துவர் 2005இற் காட்டினார். முன்னதன் விலை ஏறக்குறைய 35 டொலர்; பின்னதன் விலை அதனிற் பன்மடங்கு. சாலைகள் கரடுமுரடான நாட்டில் அடைபட்ட குழாயுடன் ஒரு தாய் உரிய நேரத்தில் வைத்தியசாலையை அடைவது அரிது என உணர்ந்தே, உள்நோக்கிச் சிகிச்சையை அங்கே அவர் வளர்த்தெடுத்தார். 2017இல் வெளியான அடுத்த ஆய்வு, நூறு குழந்தைகளில் இரு முறைகளையும் ஒப்பிட்டது. ஓராண்டு முடிவில் மனவளர்ச்சியில் வேறுபாடு காணப்படவில்லை.

நமது மாவட்டமும் நமது கடமையும்

உகண்டாத் தாயின் இடர் நமக்கும் முற்றிலும் அயலானதன்று. மாத்தளை மாவட்டத்தின் பிள்ளைகளுக்கு மூளைச் சத்திரசிகிச்சை வேண்டின், அடுத்துள்ள இடம் கண்டித் தேசிய வைத்தியசாலை. மாத்தளை நகரினின்று கண்டி ஏறக்குறைய 26 கிலோமீற்றர் தொலைவே. ஆனால் இறத்தோட்டைக்கு அப்பால் மலைத்தோட்டத்து லயத்தில் வாழும் குடும்பத்துக்கும், லக்கலைப் பக்கத்துக் கிராமத்தவர்க்கும், முதலில் மாத்தளை நகரை அடைவதே ஒரு பகற்பொழுதின் வேலையாகிவிடும். அரசினர் வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசமே. ஆயினும் இழக்கும் நாட்சம்பளமும் வழிச்செலவும் இலவசமல்ல. இதனாலேயே, நாளை பார்ப்போம் எனப் பெற்றோர் பின்வாங்குகின்றனர். அந்த நாளை என்பதே இந்நோய்க்கு வேண்டிய காலம்.

நாம் செய்யத்தக்கன சில உள. பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் தலைச்சுற்றளவு குறிக்கப்பெறுகின்றது. அக்கோடு வழமைக்கு மேல் ஏறுமாயின், குடும்பநல உத்தியோகத்தர் கூறும் அறிவுரையைத் தட்டாது அன்றே மருத்துவரை நாடுதல் வேண்டும். கருவுறுமுன்னரே போலிக்கமிலம் உட்கொள்ளும் பெண்களுக்கு முள்ளந்தண்டு மூடாக் குறையுடன் குழந்தை பிறத்தல் பெரிதும் குறையும் என்பதைப் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1991இல் நிறுவியது. புதுமணப் பெண்கள் இதனை அறிதல் வேண்டும். பிறந்த குழந்தைக்கு இடும் பீ.சீ.ஜீ. ஊசி, மூளையைத் தாக்கும் காசநோயினின்று காப்பளிக்க வல்லது.

ஆசிரியர்க்கும் ஒரு பங்கு உண்டு. வடிகுழாய் உடைய பிள்ளை ஏனைய பிள்ளைகளைப் போன்றே கற்கலாம், ஓடி விளையாடலாம். தலையைப் பலமாக மோதும் விளையாட்டுக்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே ஆடத்தக்கன. அப்பிள்ளை தலைவலி என்று சொல்லி, வாந்தியெடுத்து, மேசையிற் சாய்ந்து உறங்குமாயின், அதனைச் சோம்பல் எனக் கடிந்துகொள்ளுதல் கூடாது. பெற்றோரை அன்றே அழைத்து, குழாய் வைத்த நாள், வைத்த இடம் ஆகியவற்றைக் குறித்த வைத்தியசாலைத் தாளுடன் அனுப்புதல் வேண்டும். கோயிலில் நேர்த்தி வைத்தலும், நூல் கட்டுதலும் தாயின் மனத்துக்கு ஆறுதல் தருவன. அவற்றை இகழ்தல் நம் வேலையன்று. ஆனால் நேர்த்திக்கு முன் வைத்தியசாலைக்குச் செல்லும் பேருந்தில் ஏற்றிவிடுதல் நம் கடமை.

அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மானிப்பாயிலிருந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். உடலைப் பற்றிய அறிவு மக்கள் மொழியில் இருந்தாற்றான் மக்களுக்குப் பயன்படும் என அவர் கண்டனர். அவர் வகுத்த வழி இன்னும் முடிவுறவில்லை. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து என்பவற்றோடு நின்றுவிடாது, அருகிருந்து பேணுவோரையும் மருத்துவத்தின் ஒரு கூறாகவே வைத்து எண்ணுகின்றது. வடிகுழாய் தாங்கிய பிள்ளைக்கு அந்நான்காம் கூறாக அமைவோர் பெற்றோரும் ஆசிரியருமே. குழாய் ஏன் வைக்கப்பட்டது, கிருமி ஏறினால் அதனை ஏன் எடுத்தல் வேண்டும், எத்தனை நாள் பொறுத்தல் வேண்டும் என்னும் மூன்றையும் அறிந்த தாய், இணக்கத் தாளிற் கையெழுத்திடத் தயங்கமாட்டாள். இரு வாரச் சிகிச்சையை நடுவில் விட்டுப் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுசெல்லவும் மாட்டாள். அவ்வறிவை அவளுக்கு அவள் மொழியில் எடுத்துச் சொல்ல வல்லவர், படித்த நாமே.